ஆவியே நைவேத்தியம்

அறந்தாங்கியை அடுத்த ஆவுடையார்கோயிலுக்குத் திருப்பெருந்துறை என்பது பழைய பெயர். குதிரை வாங்கப் போன பாண்டியன் மந்திரி மாணிக்கவாசகரைச் சிவபெருமான் குருந்த மரத்தடியில் குருவாக வந்து ஆட்கொண்ட தலம். நரி பரியான கதை எல்லோரும் அறிந்ததே. நான் சொல்ல வந்தது புழுங்கலரிசிச் சோற்றைப் பற்றி.

கோயில்களில் நைவேத்தியத்துக்குப் பெரும்பாலும் பச்சரிசிதான். இங்கே புழுங்கலரிசி. வடித்த சோற்றைச் சூட்டோடு சந்நிதிக்கு முன்னுள்ள படைகல்லில் கொட்டிப் பரப்புவார்கள். கீரையும் பாகற்காயும் உண்டு. எழும்பும் ஆவிதான் ஆத்மநாதருக்கு நைவேத்தியம். உள்ளே லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும். நந்தியும் கொடிமரமும் இல்லை. யோகாம்பிகைக்கும் பாதம் மட்டுமே. அருவத்துக்கு அருவமான படையல்!

தலபுராணம் வேறு காரணம் சொல்லும். இவ்வூர் அந்தணர் முந்நூறு பேரின் நிலத்தை ஒரு தலைவன் பறித்துக்கொண்டான். பரமசுவாமி என்ற பெயரில் வந்து பிள்ளைகளுக்கு ஓதுவித்த இறைவனே வழக்காடி மீட்டுக் கொடுத்தாராம். அந்த வாத்தியாருக்கு முறைவைத்துப் போட்ட சாப்பாடுதான் இந்தப் புழுங்கலரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும். (நானும் வாத்தியாராக இருந்தவன். கதை பிடிப்பதில் வியப்பில்லை!)

கடைசியாக அம்மாவை அழைத்துப் போனபோது அவருக்குப் பார்வை அநேகமாகப் போயிருந்தது. "நான் வந்து என்னத்தடா பாக்கப் போறேன்?" என்று ஒரே பிடிவாதம். உச்சிக்கால பூசையில் சோற்றைக் கொட்டியதும் மண்டபமெங்கும் வாசம். அம்மா என் கையை விட்டுவிட்டுக் கும்பிட்டார்.

வெளியே வந்ததும், "நம்ம வீட்டு உலை மாதிரியே இருந்துச்சுடா" என்றார்.