கைக்கு வராத சொத்துக்கு வரி உண்டா?

'எஸ்டேட் வரி' என்றதும், நாம் வேலை செய்யும் தோட்டத்தின் மீது போடும் வரி என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவர் இறக்கும்போது விட்டுச் செல்லும் சொத்தையும் ஆங்கிலச் சட்டம் 'எஸ்டேட்' என்றே சொல்கிறது. அதன் மீது விதித்த வரிக்கு மரண வரி என்றும் பெயர்.

ஒருவர் உயில் எழுதுகிறார்: "என் வீட்டில் மனைவி ஆயுள் உள்ளவரை இருக்கட்டும், பிறகு மகனைச் சேரட்டும்." தகப்பனார் இறந்ததுமே மகனுக்கு உரிமை பிறந்துவிடுகிறது; வீடுதான் இன்னும் கைக்கு வரவில்லை. இதுவே எதிர்கால உரிமை. ரப்பர் கன்றை நட்டாலும், பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் காத்திருக்கிறோம் அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும். காத்திருப்பவரிடம் வரி கேட்பது எப்போது?

இங்கிலாந்தின் நிலப்பிரபுக்கள் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக நிலத்தைக் கட்டிக் காத்தார்கள். பழைய மரபுரிமை வரி அந்த நிலங்களைத் தொடவில்லை. 1853ஆம் ஆண்டில் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம் அவற்றுக்கும் வரி விதித்தது. ஆனால், சொத்து கைக்கு வந்த பிறகே வரி கேட்டது.

1894ஆம் ஆண்டில் ஹார்கோர்ட் எஸ்டேட் வரியைக் கொண்டுவந்தார். சொத்தின் அளவுக்கேற்ப வரி, நூற்றுக்கு 1 முதல் 8 வரை உயர்ந்தது. மேலே சொன்ன மகன், தாய்க்கு முன்பே இறந்துவிட்டால் என்ன செய்வது? அவருடைய காத்திருக்கும் உரிமையும் அவர் சொத்தில் சேரும். அதற்கு இரண்டு வழிகளை அச்சட்டம் வைத்தது. உடனே கட்டினால், உரிமையின் அன்றைய மதிப்புக்கு வரி; தாய் இன்னும் பல்லாண்டு வாழக்கூடும் என்பதால் அம்மதிப்பு குறைவு. காத்திருந்து கட்டினால், வீடு கைக்கு வரும் நாளின் மதிப்புக்கு வரி. கையில் பணமில்லாத குடும்பம், வராத வீட்டுக்காகக் கடன்பட வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை வரி கட்டுபவருக்கே இருந்தது.

மலாயாவிலும் 1941ஆம் ஆண்டில் எஸ்டேட் வரிச் சட்டம் வந்தது. மலேசியாவில் 1991 நவம்பர் 1ஆம் தேதி முதலும், சிங்கப்பூரில் 2008 பிப்ரவரி 15ஆம் தேதி முதலும் நேர்ந்த மரணங்களுக்கு அவ்வரி இல்லை.

வரி போனாலும் கேள்வி போகவில்லை. பாடுபட்டு வாங்கிய சிறு வீட்டில் தாய் இருக்கும்போதே, "எப்போது எங்களுக்கு?" என்று பிள்ளைகள் கேட்கும் நிலை வரலாம். ஆகவே உயில் எழுதும்போது, இன்று யார் இருப்பது, நாளை யாருக்குச் சேர்வது, இடையில் பிள்ளை இறந்தால் யாருக்கு என்ற மூன்றையும் தெளிவாக எழுதிவையுங்கள். அந்தத் தெளிவு தாயின் கூரையையும் காக்கும். பிள்ளைகளின் ஒற்றுமையையும் காக்கும்.