பங்கு: கரையிலிருந்து கம்பெனிக்கு

செங்கல்பட்டுச் சீமையில் 200 ஆண்டுகளுக்கு முன் ஒரு மிராசுதாரரிடம் சொத்து எவ்வளவு என்று கேட்டால் காணிக் கணக்கு வராது. "ஊர் 32 பங்கு, அதில் எனக்கு இரண்டரை" என்கிற மாதிரிதான் பதில் வரும். அந்த இரண்டரை எந்த வயல் என்று கேட்டால் இன்னும் சிக்கல். இந்த முறை ஏரி மதகை ஒட்டிய நிலம் விழுந்திருக்கும். அடுத்த முறை சீட்டுப் போடும்போது மேட்டு நிலம் விழலாம். வயல் கைமாறிக்கொண்டே இருக்கும், பங்கு மட்டும் அவருடையது.

இந்த ஏற்பாட்டுக்குப் பசுங்கரை என்று பெயர். இன்ன பங்குக்கு இன்ன வயல் என்று நிரந்தரமாக முடிவு செய்துவிட்டால் அறுதிக்கரை. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், மிராசு உரிமை குறித்து அரசு கேட்ட கேள்விகளுக்கு 1816இல் விரிவாகப் பதில் எழுதினார். 1818இல் அது நூலாக வந்தது. அதன்படி பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். வாங்கியவருக்கு விளைச்சலோடு ஊர்ப் பொதுவிலும் உரிமை உண்டு. ஊருக்கு வந்த வரியிலும் அவர் பங்கு அவரைத் தேடி வந்துவிடும்.

சொல்லுக்கு வயது இன்னும் அதிகம். பிரித்தலைக் குறிக்கும் 'பகு' என்னும் வேரிலிருந்து பகுதி பிறந்ததுபோலவே பங்கும் பிறந்தது என்று கொள்வார்கள். ஆனால் அறுத்தெடுத்த துண்டு என்ற பொருளோடு அது நின்றுவிடவில்லை. சிவனை உமைபங்கன் என்று சொல்லும்போது, ஒரே உடம்பில் பிரிக்காமல் இருக்கும் பாதியைச் சொல்கிறோம். பல்லவர் காலத் தண்டந்தோட்டம் செப்பேடு, தானமாகப் பெற்றவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி ஒவ்வொருவருக்கும் இத்தனை பங்கு என்று குறிக்கிறது. பாரதம் வாசிப்பவருக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக, மொத்தத்தின் மீது இன்ன அளவு உரிமை என்ற கருத்து, பங்குச் சந்தை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தச் சொல்லில் குடியேறிவிட்டது.

கம்பெனிப் பங்கு என்ற பொருள் வேறு ஊரில் பிறந்தது. 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முதல் திரட்டினார்கள். ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,143 பேர் பணம் போட்டார்கள். பதிவேடு திறந்திருந்தது டிர்க் வான் ஓஸ் என்ற இயக்குநரின் வீட்டில். அந்த வீட்டு வேலைக்காரப் பெண் நேல்ட்கன் கோர்னெலிஸும் 100 கில்டர் எழுதினார். பங்கை விற்கவும் அங்கேயே வழி செய்திருந்தார்கள். விற்பவரும் வாங்குபவரும் கணக்கர் முன் வந்து நின்றால், பேரேட்டில் ஒரு பெயரில் கழித்து இன்னொரு பெயரில் ஏற்றுவார்கள்.

பத்தாண்டு கழித்துக் கணக்கு முடித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது ஒப்பந்தம். 1612இல் இயக்குநர்கள் கணக்கை முடிக்கவில்லை. போட்ட முதல் கப்பலாகவும் கோட்டையாகவும் மாறிவிட்டிருந்தது. பழவேற்காட்டில் இந்தக் கம்பெனியின் கெல்டிரியா கோட்டையும் அடுத்த ஆண்டில் எழுந்தது. பணம் வேண்டுமென்றால் பங்கை இன்னொருவர் தலையில் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கம்பெனிக்கோ, யாரும் திரும்பக் கேட்க முடியாத முதல் கிடைத்தது. இயக்குநர்கள் இஷ்டப்படி நடக்கிறார்கள் என்று ஐசக் லெ மேர் என்ற பெரிய பங்குதாரர் 1609லேயே மனுப் போட்டிருந்தார். பங்குதாரருக்கும் நிர்வாகத்துக்கும் நடக்கும் வழக்கு அன்று தொடங்கியது.

சொல்லும் பொருளும் தமிழ் மண்ணில் பெரிய அளவில் சேர்ந்த இடம் தூத்துக்குடி. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். ஊர் ஊராகப் போய் அவர் பங்கு விற்றார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார். கொழும்புக் கடலில் வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டி மூண்டது. வ.உ.சி.யின் அரசியல் கம்பெனிக்கு ஆகாது என்று இயக்குநர்கள் நெளியத் தொடங்கினார்கள். பங்கு விற்றவருக்கும் நிர்வாகம் செய்தவர்களுக்கும் நடுவில் பிளவு விழுந்தது. 1908இல் அவர் சிறைக்குப் போனார். 1911இல் கம்பெனியைக் கலைத்தார்கள்.

பழைய சொல் புதிய பொருளை ஏற்றபோது உறவு முறை கழன்றது. பங்காளி என்றால் ஒரே தாத்தாவின் பேரன். சொத்திலும் கடனிலும் தீட்டிலும் கூட வருபவன். கம்பெனிக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. பாரசீக 'தார்' ஒட்டை இரவல் வாங்கி, மிராசுதார், ஜமீன்தார் வரிசையில் பங்குதாரரை உட்கார வைத்தார்கள். இந்தியாவில் வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனிக்கு 1857இல் சட்டம் வழிவிட்டது. அதன்படி கம்பெனி திவாலானாலும் பங்குதாரர் இழப்பது பங்குக்காகக் கொடுத்ததையும், பாக்கி இருந்தால் அதையும் மட்டுமே. கடன்காரன் அவர் வீட்டு வாசலுக்கு வரமுடியாது.

வயலும் கழன்றது. பச்சா குஸ்தார் என்ற பம்பாய்ப் பெண்மணி இரண்டு தேயிலைக் கம்பெனிகளில் பங்கு வைத்திருந்தார். தேயிலை வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானம், அதற்கு வருமான வரி இல்லை. அப்படியானால் தமக்கு வந்த ஈவுத்தொகையிலும் 60 சதவீதம் விவசாய வருமானமே என்பது அவர் வாதம். உச்ச நீதிமன்றம் 1954இல் ஏற்க மறுத்தது. தோட்டம் கம்பெனியுடையது. கம்பெனி லாபத்தைப் பகிர்ந்தால் அதில் ஒரு பகுதி பங்குதாரருக்கு உண்டு, கம்பெனியைக் கலைத்தால் மிஞ்சுவதில் ஒரு பகுதி உண்டு. தேயிலைச் செடியில் எதுவும் இல்லை. பசுங்கரை மிராசுதாரருக்கு எந்த வயல் என்றுதான் தெரியாது. கம்பெனிப் பங்குதாரருக்கு வயலே கிடையாது.

ஈவு என்ற சொல் பள்ளிக் கணக்கிலும் இருக்கிறது. வகுத்தால் வருவது ஈவு, வகுபடாமல் நிற்பது மீதி. கம்பெனியில் எவ்வளவு ஈவு, எவ்வளவு மீதி என்பதை முதலில் முடிவு செய்வது இயக்குநர் குழு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் அதை ஏற்கலாம், குறைக்கலாம். குழு பரிந்துரைத்ததற்கு மேல் ஒரு காசு கூட்ட முடியாது. கம்பெனியில் நிறுத்திய மீதிதான் அடுத்த ஆலைக்கு வட்டியில்லா முதல்; அது பெருகினால் பங்கின் விலையும் ஏறலாம். திருவொற்றியூரில் பொம்மைப் பலூனில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். கம்பெனியின் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு, 2023 ஜூனில் சந்தையில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பங்கை அது சிறு முகமதிப்புகளாக உடைக்காமல் வைத்திருந்ததும் அந்த விலைக்கு ஒரு காரணம்.

1996இல் வந்த டெபாசிட்டரி சட்டம் பங்கிலிருந்து காகிதத்தையும் உருவிக்கொண்டது. பட்டியலிட்ட கம்பெனியின் காகிதப் பங்கை 2019 ஏப்ரலுக்குப் பின் விற்று மாற்ற முடியாது. முதலில் டீமேட் என்ற மின்னணுக் கணக்கில் ஏற்ற வேண்டும். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகையை யாரும் கேட்காவிட்டால், பங்கே முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பங்குப் பத்திரத்தைக் கண்டெடுப்பவர்கள் அதை மீட்க இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் சேர்க்க வேண்டும். ஒருவர் பெயருக்கு மாற்றுவதென்றால் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் கேட்பார்கள். பங்குதாரர் போனபின் அவர் பங்குக்காகப் பங்காளிகள் மறுபடியும் ஒரே மேசையில் கூடி, ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.