இரண்டு மணித்தியாலத்தில் எதை எடுப்பது?

வீடு மாறுவதென்றால் லொறிக்கூலி, உடைந்த கண்ணாடிச் சாமான் என்று கணக்குப் பார்க்கிறோம். 1990 ஒக்டோபர் 30இல் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது கொடுத்தது இரண்டு மணித்தியாலம். மாற்றுடுப்பு, கொஞ்சக் காசு, அவ்வளவுதான். நகையைக்கூடச் சோதனையில் கழற்றி வாங்கினார்கள். தையற்காரர்களின் மெஷின்கள், கடைகளில் கிடந்த இரும்புச் சாமான்கள் எல்லாம் அங்கேயே. வடக்கு முழுவதுமாகச் சுமார் 75,000 பேர் இப்படி வந்தார்கள். மன்னார்ப் பக்கத்தவர்கள் பலர் வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள்.

கட்டிலும் பாத்திரமும் புத்தளத்தில் மெல்ல மெல்லச் சேர்ந்தன. சேராதது காணி உறுதி (பாரமே இல்லாத தாள்!). 2009க்குப் பிறகு திரும்பிப் போனவர்கள், சொந்த வளவைத் தமதென்று காட்ட அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். நாங்களும் அலைந்தோம்.

உம்மாவிடம் கேட்டோம். அலுமாரியில் உறுதி இருந்தது தெரியுமாம். கை போனது நானாவின் பால் போத்தலுக்குத்தான்.