மைசூர் சட்ட மேலவை: அன்று திவான் தலைமை, இன்று பட்டதாரிகளுக்கும் வாக்கு

பெங்களூரு: ஸ்ரீராம்புரம் உள்ளிட்ட பெங்களூரு நகரப் பகுதிகளில் வசிக்கும் பட்டதாரிகள், கர்நாடக சட்ட மேலவைக்கான தேர்தலில் வாக்களிக்கலாம். மன்னராட்சிக் காலத்தில் இந்த அவை செயல்பட்ட விதம் முற்றிலும் வேறானது.

மைசூர் சமஸ்தானத்தில் 1881-ஆம் ஆண்டு திவான் சி. ரங்காச்சார்லு பிரதிநிதிகள் சபையைத் தொடங்கினார். 144 உறுப்பினர்கள் கொண்ட அச்சபை தசரா காலத்தில் மைசூரில் கூடியது. திவான் அரசின் வரவு செலவையும் பணிகளையும் விளக்குவார். உறுப்பினர்கள் மக்களின் குறைகளை முறையிடுவர். சட்டம் இயற்றும் அதிகாரம் அச்சபைக்கு இல்லை.

அக்குறையைப் போக்க, நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் 1907-இல் சட்ட மேலவை உருவாக்கப்பட்டது. அரசை நடத்திய திவானே அவைக்கும் தலைமை வகித்தார். தொடக்கத்தில் மசோதாக்களை ஆராய்வதே அவையின் முக்கியப் பணி. கேள்வி எழுப்பவும், வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கவும் உறுப்பினர்களுக்குப் படிப்படியாகவே உரிமை கிடைத்தது. 1923-ஆம் ஆண்டு சீர்திருத்தத்தில் உறுப்பினர் எண்ணிக்கை 50 ஆக உயர்ந்தது.

தற்போதைய மேலவையில் 75 உறுப்பினர்கள் உள்ளனர். அவர்களுள் 7 பேர் பட்டதாரிகளாலும், 7 பேர் ஆசிரியர்களாலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுகின்றனர்.

பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் நிறைவடைந்தோர், தொகுதியில் வசிப்பவராக இருந்தால் வாக்காளராகலாம். பொது வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் இதற்குப் போதாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகத் தயாரிக்கப்படும் பட்டதாரிகள் பட்டியலில் சேர, தனியே விண்ணப்பிக்க வேண்டும்.