குமாஸ்தாக்களை உருவாக்கிய பள்ளி

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அதில் முதன்முதலாக பி.ஏ. தேறிய இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள் என்பது நம் ராயபுரத்தில் பலருக்குத் தெரியாது. ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாத பிள்ளை. இருவரும் படித்தது வட்டுக்கோட்டை செமினரியில். யாழ்ப்பாணம் போனபோது அந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று போனேன்.

அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் தொடங்கிய பள்ளி அது. தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் 1855-ல் மிஷனே அதை மூடிவிட்டது. ஊழியத்துக்கு ஆள் வேண்டும் என்று நடத்திய பள்ளி. ஆங்கிலம் படித்த பிள்ளைகளோ அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். ஆயுள் முழுக்க கோப்பு கட்டிய எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. பிறகு ஊர்க்காரர்களின் முயற்சியால் 1872-ல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. இன்றும் நடக்கிறது.

அங்கிருந்து சுன்னாகம் பக்கம் கந்தரோடைக்குப் போனோம். பனைமரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன பௌத்த தூபிகள், கவிழ்த்து வைத்த சட்டிகளைப் போல. 1917 வாக்கில் பால் பீரிஸ் அங்கே தோண்டிப் பார்த்தார். ரோமானிய நாணயங்களும் கிடைத்தன. 1970-ல் அங்கே அகழாய்வு செய்தவர்களில் ஒருவரான விமலா பெக்லிதான் பின்னாளில் எங்கள் புதுச்சேரி அரிக்கமேட்டிலும் தோண்டினார். அரிக்கமேட்டில் கிடைத்த அதே வகை ரௌலட் பானை ஓடுகள் கந்தரோடையிலும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்திலிருந்து அரிக்கமேட்டுப் பெயரைக் கேட்டு வளர்ந்தவன் நான். கடலுக்கு அக்கரையிலும் அதன் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

பள்ளிக்கும் தூபிக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். தாமோதரம் பிள்ளை சென்னையில் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவர். ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்து 1881-ல் வீரசோழியத்தையும் 1887-ல் கலித்தொகையையும் அச்சில் கொண்டுவந்தார். வீரசோழியம் புத்தமித்திரர் என்ற பௌத்தர் எழுதிய தமிழ் இலக்கணம். கிறிஸ்தவப் பள்ளியில் படித்த சைவர், பௌத்தரின் நூலைக் காப்பாற்றியிருக்கிறார்.

கந்தரோடையில் கல் மிஞ்சியது. ஏட்டில் இருந்த எழுத்து மிஞ்சியதற்குக் காரணம், மிஷன் வேண்டாம் என்று நினைத்த அந்த அரசாங்க உத்தியோகஸ்தர்களில் ஒருவர்.