கண்ணகியின் கண்ணீரும் பேகனின் தேரும்

தலைவனும் தலைவியும் பிணங்கியவிடத்துச் சொல்லினும் மெய்ப்பாடே மிகுதியாகப் பேசும் என்பதனைப் பண்டைத் தமிழர் நன்கறிந்திருந்தனர். உள்ளத்துணர்வு உடலில் வெளிப்படுமாற்றைக் கூறத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே வகுத்தார். வள்ளுவர் ஊடலைப் பாடிய ஈற்று மூன்று அதிகாரங்களிலே தும்மலும், அடக்கிய தும்மலும், வாளா நோக்கலுங்கூடப் பிணக்கிற்குக் காரணமாகின்றன. ஆயின் அகப்பாடல்களில் தலைமக்களின் பெயர் சுட்டப்படுவதில்லை. பெயர் சுட்டிய பிணக்கொன்றினைப் புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களிற் காணலாம்.

ஆவியர் குடியிற் பிறந்த வையாவிக் கோப்பெரும் பேகன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியை நாடினான். இவள் சிலப்பதிகாரத் தலைவியின் வேறானவள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் புலவர் நால்வரும் அவள் பொருட்டுப் பேகனைப் பாடினர்.

இப்பாடல்களிலே கணவனை நோக்கிக் கண்ணகி கூறிய சொல் ஒன்றேனும் இல்லை. பரணர் வினவியபோது, விரலாற் கண்ணீரைத் துடைத்துவிட்டு, தான் பேகனுக்கு உறவல்லள் என்று சில சொற்களே கூறினாள். ஏனைய யாவற்றையும் அவள் விம்மலும், எண்ணெயும் பூவும் காணாத கூந்தலுமே உணர்த்தின. கணவன் பிரிந்தவிடத்து மனைவி தன்னை ஒப்பனை செய்யாள் என்பது அக்கால வழக்காதலின், அக்கோலத்தின் பொருள் காண்பார் எவர்க்கும் விளங்கும். அதனாலன்றோ அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் சமாதானம் செய்க என வாளா கூறாது, அக்கூந்தல் மீண்டும் மலர் சூடுமாறு செய்க என வேண்டினர்!

இவ்வேண்டுகோளுக்காகப் புலவர்கள் பரிசிலையும் பொருட்படுத்திலர். அரிசில்கிழார் அணிகலமும் செல்வமும் வேண்டா என்றார். தேரிற் குதிரை பூட்டப்படுதலே அவர் விரும்பிய பரிசில். பசியால் வந்தோமல்லேம் என்ற பரணர், இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைதலைக் கொடையாக இரந்தார். மயில் குளிரால் நடுங்கும் என இரங்கிப் போர்வை ஈந்தவன் அவன் என்பதனை முன்னே நினைவுறுத்திப் பின்னரே அவர் அவ்வாறு இரந்தமை ஆழ்ந்து நோக்கற்பாலது. மயிலும் வாய்திறந்து கேட்கவில்லை, கண்ணகியும் கேட்கவில்லை. பறவையின் குறிப்பைத் தானே உணர்ந்தவனுக்கு, மனைவியின் குறிப்பைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.

பேகன் தேரேறினான் என்ற செய்தி அவ்வைந்து பாடல்களிலும் இல்லை. கண்ணகியின் துயரை அரசன் முகத்துக்கு நேரே எடுத்துக் கூறிய நால்வரின் நெஞ்சுரமே அவற்றில் நிலைபெற்றுள்ளது.