அலோர் ஸ்டார் விமான நிலையம்: ஒரு வரலாற்று நோக்கு

மலேசிய விமானப் போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் சுபாங், சிப்பாங் ஆகிய பெருநிலையங்களைக் கொண்டே எழுதப்படுகிறது. மாநிலத் தலைநகரங்களின் உள்நாட்டு நிலையங்கள் அவற்றின் துணை உறுப்புகளாகவே கருதப்படுகின்றன. கெடா மாநிலத் தலைநகரான அலோர் ஸ்டாருக்கு (இன்று அலோர் செத்தார்) வடக்கே, கெப்பாலா பாத்தாசில் உள்ள நிலையத்தின் வரலாறு இக்கருத்தை மறு ஆய்வு செய்யத் தூண்டுகிறது.

நெல்வயல்கள் சூழ்ந்த இச்சமவெளி நிலையம் 1930களில் பன்னாட்டு வான்வழியில் ஒரு படியாக விளங்கியது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியாவுக்குச் சென்ற டச்சு நிறுவனமான கே.எல்.எம். விமானங்கள் பாங்காக்கிற்கும் மேடானுக்கும் இடையில் இங்கு இறங்கின. 1933 டிசம்பரில் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் தன் சேவையைச் சிங்கப்பூர்வரை நீட்டித்தபோது அதன் விமானங்களும் இங்குத் தங்கிச் சென்றன. அக்கால விமானங்கள் சில நூறு மைல்களுக்கு ஒருமுறை எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. ஊரின் வணிகச் சிறப்பினால் அன்று. விமானத்தின் இயலாமையினாலேயே அலோர் ஸ்டார் உலக வரைபடத்தில் இடம்பெற்றது எனலாம்.

இந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1938இல் இம்பீரியல் ஏர்வேஸ் நீரில் இறங்கும் பறக்கும் படகுகளைச் சிங்கப்பூர் வழியில் ஈடுபடுத்தியபோது, பினாங்குக் கடற்பரப்பே அவற்றின் தங்குமிடமாயிற்று.

எனினும் போர்க்காலம் இந்நிலையத்திற்கு வேறொரு முக்கியத்துவத்தை அளித்தது. வடமலாயாவின் விமானத் தளங்கள் தரைப்படையின் தேவையைக் கருதாது அமைக்கப்பட்டிருந்தன. ஆயினும் அவற்றைக் காக்கும் பொறுப்பு தரைப்படையின்மீதே விழுந்தது. அலோர் ஸ்டார் தளத்தைக் காக்க வேண்டியிருந்தமையே, அதற்கு வடக்கே ஜித்ராவில் 11ஆவது இந்தியப் படைப்பிரிவு நிறுத்தப்பட்டதற்கு முதன்மைக் காரணமாகும். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் குண்டு வீசத் தொடங்கினர். டிசம்பர் 10ஆம் நாளளவில் விமானப்படை தளத்தைக் கைவிட்டது. ஜித்ராப் போர் நிகழ்ந்ததோ டிசம்பர் 11, 12 ஆகிய நாள்களில். விமானங்களே இல்லாத ஒரு தளத்தின் பொருட்டு இந்தியப் படைவீரர்கள் உயிர்நீத்தனர் என்பது இவ்வரலாற்றின் பெருந்துயரமாகும். அடுத்து ஜப்பானியர் இத்தளத்தை, அங்கு எஞ்சியிருந்த எரிபொருளுடன், தம் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தனர்.

இத்தோல்வியின் விளைவு இந்திய வரலாற்றையும் தொட்டது. ஜித்ராவில் சிதறிய படையைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங், அலோர் ஸ்டாரில் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவுடனும் பிரீதம் சிங்குடனும் நடத்திய பேச்சுகளே இந்திய தேசிய இராணுவத்திற்கு வித்திட்டன. பின்னர், 1943இல் நேதாஜி அதன் தலைமையை ஏற்றபோது மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அதில் இணைந்தனர்.

இன்று இந்நிலையம் மாட்சிமை தங்கிய பேரரசராக இருமுறை வீற்றிருந்த சுல்தான் அப்துல் ஹாலிமின் பெயரைத் தாங்கியுள்ளது. ஏறத்தாழ 2,745 மீட்டர் நீளமுள்ள ஒரே ஓடுபாதை. கோலாலம்பூரை நோக்கிய உள்நாட்டுச் சேவைகளே இதன் முதன்மைப் பணி. தலைநகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் வந்திறங்கும் விமானம், குறுகிய நேரத்திற்குள் பயணிகளை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். இத்தகைய சிறுநிலையங்கள் தம் வருவாயைக் கொண்டே இயங்குவது அரிது. ஆதலின் பெருநிலையங்களின் வருவாயே நாட்டின் சிறுநிலையங்கள் பலவற்றைத் தாங்கி நிற்கிறது.

அன்று கண்டங்களை இணைத்த நிலையம் இன்று ஒரு மாநிலத்தைத் தலைநகருடன் இணைக்கிறது. இதனை வீழ்ச்சி என்று கொள்வது பொருந்தாது. அன்று இறங்கியோர் எரிபொருளுக்காக இறங்கினர். இன்று இறங்குவோர் இம்மண்ணுக்காகவே இறங்குகின்றனர். பயணிகளின் எண்ணிக்கையும் வருவாயும் மட்டுமே ஒரு நிலையத்தின் பயனை அளக்கும் கோல்களாகா என்பதே இதன் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.